காற்றுக்குக் கதவு

என் வீட்டுக்காரர் கட்டடக் கலைஞர். நானும் அதே படிப்புதான், அதே அலுவலகம்தான். ஆனால் மேடையில் பேசுவது அவர். பேசியதைக் கட்ட முடியுமா என்று மண்டையை உடைத்துக்கொண்டு வரைபடமாக்குவது நான். "வானம் வீட்டுக்குள்ள இறங்கணும்" என்பார். வானம் இறங்கினால் மழையும் சேர்ந்துதானே இறங்கும், அதற்கு வடிகால் வைப்பது என் பாடு. இருபது வருடமாகத் தொழிலும் குடும்பமும் இப்படித்தான் ஓடுகின்றன.

அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அந்த மலைச்சரிவுக் கல்லூரி. இடத்தைப் பார்த்த முதல் நாளே, இப்போதைக்குப் பேனாவைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சரிவு முழுக்க மூங்கில் குச்சிகளை நட்டு, ஒவ்வொன்றின் நுனியிலும் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டித் தொங்கவிட்டார். ஒரு வருடம் முழுக்க அவை எந்தப் பக்கம் பறக்கின்றன என்று பார்த்துக்கொண்டே இருந்தார். மலையைக் கேட்காமல் ஒரு கோடு போடக் கூடாது என்பது அவர் கொள்கை. மலை சொன்ன பதில் எளிமையானது. பகலில் வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேலே வரும். சூரியன் மறைந்ததும் நின்று, திரும்பி, கீழே இறங்கும்.

அந்தக் காற்றை நம்பியே கல்லூரியைக் கட்டினார். அடிவாரத்தில் ஆய்வுக்கூடங்கள், நடுவில் நூலகம், உச்சியில் பெண்கள் விடுதி. மூன்றையும் கோர்த்துக்கொண்டு, கூரை போட்ட அகலமான படிக்கட்டு ஒன்று கீழிருந்து மேல்வரை போகும். ஆள் ஏறவும் அதுதான் வழி, காற்று ஏறவும் அதுதான் வழி. கீழே அதன் வாய் எப்போதும் திறந்தே இருக்கும். நூலகத்துக்குச் சற்றுக் கீழே படிக்கட்டு குறுகி, காற்று வேகம் பிடிக்கும். அந்த இடத்துக்குக் கழுத்து என்று பேர் வைத்தார். விடுதி அறைகளில் கதவுக்கு மேலே துளைபோட்ட கல் ஜாலி. மின்விசிறி கிடையாது, ஏசி கிடையாது, கோடையிலும் உள்ளே போர்வை கேட்கும். அதை நான் குறை சொல்லவே மாட்டேன், அருமையான கட்டடம்.

ஆனால் கழுத்தில் ஓர் இரும்புக் கதவு வேண்டும் என்று நான் வரைந்தேன். தீப்பிடித்தால் புகைக்கும் அதுதானே ராஜபாட்டை? அவர் ரப்பரை எடுத்து அழித்தார். மறுபடி வரைந்தேன், மறுபடி அழித்தார்.

"வீட்டுக்குத் தாழ்ப்பாள் போடலாம். மூச்சுக்கு யாராவது தாழ்ப்பாள் போடுவாங்களா?" என்று கேட்டார்.

இரண்டு முனையும் திறந்த படிக்கட்டு என்பதால் விதிமுறையும் கதவு கேட்கவில்லை. 'காற்றுக்குக் கதவு எதற்கு?' என்ற அவருடைய வாசகம் அப்புறம் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. வீட்டில் நானும் அதைச் சொல்வதுண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு.

எங்கள் ஒரே மகள், வீட்டில் குட்டி, அங்கேயே படிக்கச் சேர்ந்தாள். விடுதியின் உச்சிமாடியில் கடைசி அறை அவளுக்கு. அப்பாவின் பெண்ணாயிற்றே, ஜன்னல் கம்பியில் அவளும் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவைத்தாள். முதல் வருடம் ஒருநாள் ஃபோனில், பொழுது சாய்ந்த பிறகும் நூல் மேல்பக்கமே பறக்கிறது, வெகுநேரம் கழித்துத்தான் திரும்புகிறது என்றாள். "நூலைத் தப்பாக் கட்டியிருப்பே, அவிழ்த்துக் கட்டு" என்று இவர் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டு ஃபோனை வைத்தாள்.

இந்த வருடம் கல்லூரிக்கு ஒரு விருது கிடைத்தது. விழாவில் பேச இவரைக் கூப்பிட்டார்கள், நானும் கூடப் போனேன். படிக்கட்டின் வாய்க்கு நேர் கீழே கருங்கல் வரிசைகளால் ஒரு திறந்தவெளி அரங்கம். பிள்ளைகள் சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும் என்று, கட்டடம் முக்கால்வாசி எழும்பிய பிறகு இவருக்குத் தோன்றிய ஆசை அது. மத்தியான வெயிலைக் குடித்த கல், இஸ்திரிப் பெட்டிமேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கைப்பையை அடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மேடைக்குப் பின்னால் பெரிய ஃபிளெக்ஸ் பேனர்: அவர் முகம், அவர் வாசகம். மூக்கு மட்டும் என் உயரம். குட்டி வரவில்லை. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து கேட்ட பேச்சு, எனக்கு மன்னிப்பு கொடு தாயே என்று செய்தி அனுப்பியிருந்தாள்.

இவர் பேசி முடித்துக் கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தபோது ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. படிக்கட்டின் வாய்ப்பக்கம் குளிர்ச்சியான இடமாயிற்றே என்று, விடுதியில் கழித்த ஸ்பாஞ்ச் மெத்தைகளைக் கல்லூரி அங்கே அடுக்கிவைத்திருந்தது. எப்படிப் பற்றியதோ தெரியாது. கரும்புகை வெளியே எட்டிப் பார்த்தது. பிறகு திரும்பி உள்ளே போயிற்று. அதைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன். வாசலில் அலங்காரத்துக்கு விட்டுவைத்திருந்த சிவப்பு நூல்கள் எல்லாம் விறைத்து, உள்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றன. இவர் ஆசை ஆசையாக வடித்த படிக்கட்டு புகையை ஒரு பொட்டு சிந்தாமல் உறிஞ்சி, உச்சிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

ஃபோன் அடித்தது. குட்டி. பக்கத்து அறைப் பெண்கள் எல்லாரையும் கூட்டிவைத்திருக்கிறாளாம், இருபது பேருக்கு மேல். படியில் புகை வந்துவிட்டது, இன்னும் கண் தெரிகிறது, துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு ஓடி இறங்கிவிடலாமா என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் ஃபோனைப் பிடுங்கிவிட்டார்.

"இறங்காதே கண்ணு. கதவைச் சாத்து, ஜாலில துணியை அடை. சூரியன் இறங்கப் போகுது. மறைஞ்சதும் காத்து திரும்பிடும், புகை தானாக் கீழ வந்துடும். அப்பா சொல்றேன்ல."

"சரிப்பா," என்றாள். அவ்வளவுதான். வேறு ஒரு கேள்வி கேட்கவில்லை.

தீயணைப்பு வண்டி அடிவாரம்வரைதான் வர முடிந்தது. மலையை வெட்டிப் பாதை போடக் கூடாது என்பது இவருடைய இன்னொரு கொள்கை. நூலகம்வரை ஓர் ஒற்றையடிப் பாதை உண்டு. அதற்கு மேலே செங்குத்துப் பாறை. விடுதிக்குப் பின்படி ஒன்று இருந்தது, அதுவும் இறங்கி இதே படிக்கட்டில்தான் சேர்ந்தது. வீரர்கள் இரண்டு பேர் முகக்கவசம் மாட்டி நூலகம் வழியாக மேலே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். தங்கள் கையே தங்களுக்குத் தெரியவில்லை, இருபது பிள்ளைகளை இதற்குள் எப்படிக் கூட்டி வருவது என்றார்கள்.

தீயணைப்பு அதிகாரி இவரிடம் வந்தார். "சார், இந்தப் படிக்கட்டை எங்க மூடலாம்?"

"எங்கயும் மூட முடியாது."

"மூடவே முடியாதபடியா கட்டினீங்க?"

இவர் காற்று திரும்பும் கதையை அவருக்கும் சொன்னார். ஒரு வருடம் நூலைப் பார்த்த கதை. இத்தனை உறுதியாகச் சொல்கிற மனிதரை யாரால் நம்பாமல் இருக்க முடியும்? அதிகாரியும் தலையாட்டிவிட்டு, அதுவரை கீழே தீயை அடிப்போம் என்றார். தண்ணீர் பட்டதும் மெத்தைகள் சீறிக்கொண்டு இன்னும் அடர்த்தியாகப் புகைந்தன. அதையும் படிக்கட்டு வாங்கிக்கொண்டது.

எதிர்மலைக்கு மேலே சூரியன் ஒரு சாண் உயரத்தில் நின்றது. என் வாழ்நாளில் சூரியனை அப்படிச் சபித்ததில்லை. குட்டியை மறுபடி அழைத்தேன். ஜாலியில் சட்டை, துண்டு, தலையணை உறை எல்லாம் திணித்துவிட்டார்களாம், ஆனாலும் இடுக்கு வழியாக வருகிறதாம், ஜன்னல் பக்கமும் உச்சியில் வெளியேறும் புகைதானாம். ஒரு பெண் மயங்கிவிட்டாள். குட்டி நடுநடுவே இருமினாள். நூலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்றாள். அடுத்த முறை அழைத்தபோது மணி மட்டும் அடித்தது.

சூரியன் மறைந்தது. எல்லாரும் வாசல் நூல்களைப் பார்த்தோம். இவர் உதட்டை அசைத்துக்கொண்டு நின்றார். நூல்கள் தொங்கவில்லை. உள்பக்கமே விறைத்து நின்றன. "இதோ, இப்ப," என்றார். வெளிச்சம் மங்கியது. "இன்னும் கொஞ்சம்," என்றார். அந்த 'இன்னும் கொஞ்சம்' என் ஈரக்குலையை அறுத்தது.

வாசல் பக்கம் போக எண்ணிக் கல் வரிசையில் கையை ஊன்றினேன். சுரீர் என்று சுட்டது. வெயில் போய்விட்டது, கல் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு வரிசை அல்ல, அரங்கம் முழுக்க. அதிலிருந்து கிளம்பிய சூடு நேராகப் படிக்கட்டின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் குட்டி முதல் வருடம் ஃபோனில் சொன்னது என் காதில் திரும்ப விழுந்தது. அவள் நூலைச் சரியாகத்தான் கட்டியிருக்கிறாள்.

இவர் கையைப் பிடித்து இழுத்துக் கல்மேல் வைத்து அழுத்தினேன்.

"நீங்க மலையைக் கேட்டப்ப இந்தக் கல்லு இங்க இல்லைங்க. இது ஆறுறவரைக்கும் காத்து திரும்பாது. நம்ம பொண்ணு அதுவரைக்கும் தாங்க மாட்டா."

கையை அவர் எடுக்கவில்லை. சுட்டிருக்கும், இருந்தும் எடுக்கவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. கட்டி முடித்தபின் இந்த மனிதர் ஒருநாள், ஒரே ஒருநாள், இங்கே உட்கார்ந்து நூலைப் பார்த்திருக்கக் கூடாதா என்று எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைப் பிடித்து உலுக்கியிருப்பேன். நேரம் இல்லை.

"கழுத்தை அடைக்கணும்," என்றேன். எதை வைத்து என்று அதிகாரி கேட்டார். நான் மேடைக்கு ஓடி, பேனரின் கயிற்றை அறுத்தேன். காற்று புகாத தடித்த ஃபிளெக்ஸ், படிக்கட்டின் அகலத்துக்கு மேலேயே இருந்தது. அந்தப் பெரிய மூக்கைச் சுருட்டி வீரர்களின் தோளில் ஏற்றினோம்.

ஒற்றையடிப் பாதையில் எல்லாரும் விழுந்தடித்து ஏறினோம். இவர் முன்னால் போனார். வேண்டாம் சார், உங்களுக்குக் கவசம் இல்லை என்று அதிகாரி தடுத்தார். கழுத்தில் சுவர் எங்கே உள்வாங்குகிறது, எந்த இடுக்கில் பேனரைச் செருகலாம் என்று இருட்டில் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்று சொல்லிவிட்டு, ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு புகைக்குள் இறங்கினார். வீரர்கள் பின்னால் போனார்கள். நூலகத்தில் இருந்தவர்கள் மேஜைகளை இழுத்துக் கொடுத்தோம். உள்ளே மேஜைகள் சுவரில் மோதும் சத்தம் கேட்டது, இவர் கத்துவது கேட்டது: இடது பக்கம், இன்னும் மேலே, விடாதே. பிறகு அவர் கத்துவது கேட்கவில்லை. அந்த நிமிடம் எனக்கு மேலேயும் உயிர் இல்லை, கீழேயும் உயிர் இல்லை.

இரண்டு வீரர்கள் அவரைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தார்கள். கண் சிவந்து, மூக்கு கறுத்து, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஆனால் கழுத்து அடைபட்டிருந்தது. அதற்கு மேலே படிக்கட்டில் மிச்சமிருந்த புகை உச்சி வழியாக மெல்ல மெல்ல வடிய ஆரம்பித்தது. மேலே போக வழியில்லாத கீழ்ப்புகை இப்போது அரங்கத்துப் பக்கம் குபுகுபுவென்று வெளியே வந்தது. நூலக ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டோம். எதிர்ச் சுவர் தெரிந்ததும் வீரர்கள் மேலே ஓடினார்கள்.

நான் நூலகத்தருகே, விடுதியிலிருந்து படி இறங்கிவரும் இடத்தில் நின்றேன். முதலில் மயங்கியிருந்த பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். அவள் குட்டி இல்லை. அப்புறம் இருவர் இருவராகக் கைகோர்த்து, கறுத்த முகங்கள். ஒவ்வொரு முகத்தையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். யார் பெற்ற பிள்ளை என்றுகூட நினைக்காமல், இவள் இல்லை, இவளும் இல்லை என்று தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தேன். எல்லாரும் இறங்கிவிட்டார்கள் என்று தோன்றியபோது, கடைசியாக அவள் வந்தாள். தானே நடந்து வந்தாள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் என்னைத் தாண்டி, சுவரில் சாய்ந்து கிடந்த அப்பாவிடம் போய் மண்டியிட்டாள். அவள் விரலில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. நகக்கண்கள் எல்லாம் கிழிந்திருந்தன.

"அது திரும்பவே இல்லப்பா," என்றாள். "நான்தான் தப்பாக் கட்டிட்டேன்னு நினைச்சேன். அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கிட்டே இருந்தேன்."

இவர் அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். விரலில் சுற்றியிருந்த நூலை மெல்ல அவிழ்க்க ஆரம்பித்தார்.