மேசையடிப் பாப்பா

1

டமார் என்று கதவு திறந்து சுவரில் மோதியது. இருபத்திரண்டு பிள்ளைகளும் ஒரே குரலில் வீறிட்டார்கள். பசை டப்பா உருண்டு ஓடியது.

இல்லை, கதவு அப்படித் திறக்கவில்லை. வாரப் பத்திரிகைக்கு எழுதி எழுதி எனக்குக் கதவை மெதுவாகத் திறக்கவே வராமல் போய்விட்டது. நடந்தது இதுதான்: அழைப்பு மணி இரண்டு தடவை அடித்தது. அக்கா போய்த் திறந்தாள். ஒரு கையில் பெட்டியும் இன்னொரு கக்கத்தில் பெரிய பொட்டலமுமாகப் போதகரம்மா நின்றிருந்தார். பிள்ளைகள் வீறிட்டது மட்டும் நிஜம். மணி அடித்தால் வீறிடுவார்கள். அடிக்காவிட்டாலும் வீறிடுவார்கள். நாலு வயசு.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் செய்த ஒரு திருட்டு வேலையிலிருந்து வந்தது. என் அக்கா மிஷனரி. கடல் தாண்டிப் போய், அரிச்சுவடிக்கும் முந்தின வயதுப் பிள்ளைகளுக்குக் கத்தரிக்கோல் பிடிக்கவும், பத்து வரை எண்ணவும், பாடவும், கைகூப்பி ஜெபிக்கவும் சொல்லித்தருகிறாள். நான் தம்பி. தொடர்கதை எழுதுகிறவன். எங்கள் இரண்டு தொழிலுக்கும் நடுவில் ஒரு கடிதம் வந்து மாட்டிக்கொண்டது.

2

மிஷனரிகளுக்கு ஒரு கட்டாயம் உண்டு. மாதம் ஒரு பக்கம், தங்களை அனுப்பிவைத்த சபைக்கு ஜெபக் கடிதம் எழுத வேண்டும். எதற்கு நன்றி, எதற்காக ஜெபிக்க வேண்டும், யாருடைய வாழ்வில் என்ன மாற்றம் என்று மூன்று பகுதி. அதைச் சபையில் அச்சடித்து, ஞாயிற்றுக்கிழமை வாசித்து, வீட்டுக்கு வீடு கொடுப்பார்கள். பிள்ளைகளின் சொந்தப் பெயரை எழுதக் கூடாது, பட்டப்பெயர்தான் எழுதலாம் என்பது பிள்ளைகளின் பாதுகாப்புக்காக மிஷன் போட்ட விதி.*

(* நல்ல விதி. ஆனால் விதியைப் போட்டவர், அது ஒரு தொடர்கதைக்காரன் கையில் கிடைக்கும் என்று யோசித்திருக்க மாட்டார்.)

அக்காவின் கடிதம் எப்படி இருக்கும் தெரியுமா?

"இந்த மாதம் பிள்ளைகள் இருபத்திரண்டு. ஐந்து பேருக்குச் சளி. நீல வர்ணம் தீர்ந்துவிட்டது. 'ஏன்' இன்னும் எல்லாவற்றுக்கும் ஏன் என்றே கேட்கிறான். ஜெபித்துக்கொள்ளுங்கள்."

இதை வைத்துக்கொண்டு யார் எதை ஜெபிப்பது? நீல வர்ணத்துக்கு முழங்கால் போடுவதா? சபையின் ஊழியக் குழுவே பொறுக்க முடியாமல் ஒரு குறிப்பு அனுப்பியது: 'கடிதத்தில் கொஞ்சம் ஜீவன் இருக்கட்டும்.'

அக்கா போனில் கூப்பிட்டாள்.

"டேய், நீதான் வாரா வாரம் ஊரையே அழவைக்கிறியே. இனிமே மாசா மாசம் இந்தக் கடிதத்தையும் கொஞ்சம் சரி பண்ணி நேரா சபைக்கு அனுப்பிடு. எனக்கு இங்க மூக்கு துடைச்சுவிடவே நேரம் பத்தல."

"சரி பண்ணணும்னா எவ்வளவு?"

"பிழை திருத்துடா. வேற என்ன?"

பிழை திருத்தினேன். திருத்தி முடித்தும் பக்கத்தில் பாதி காலியாக இருந்தது. காலிப் பக்கத்தைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. ஒரு பாப்பாவைப் போட்டேன்.

3

நாலு வயசு. வகுப்புக்கு வந்த முதல் நாளே மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டவள். யாரோடும் பேசுவதில்லை. மேசையடிப் பாப்பா.

முதல் மாதம் அவ்வளவுதான். அடுத்த மாதம், வர்ணப் பென்சிலுக்காக ஒரு கை மட்டும் வெளியே வந்தது. மூன்றாம் மாதம் முழங்கை. நான்காம் மாதம் தலை எட்டிப் பார்த்தது. சபையில் கைதட்டினார்களாம். ஐந்தாம் மாதம், வகுப்புக்கு வந்த யாரோ ஒருவருடைய பூட்ஸ் சத்தத்தில் மிரண்டு மறுபடியும் உள்ளே போய்விட்டாள்.

அதற்கு அவசியமே இல்லை, தெரியும். ஆனால் கதாநாயகி வெளியே வந்துவிட்டால் கதை முடிந்துவிடுமே. தொடர்கதை எழுதுகிறவன் கடைசி வரியில் கதவைச் சாத்தமாட்டான், ஒரு விரற்கடை திறந்துவைப்பான். ஊழியத்துக்கும் அது பொருந்துவதை என் கண்ணால் கண்டேன். அந்த மாதம் பெண்கள் கூடி உபவாச ஜெபம் வைத்தார்கள். ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் அவளுக்குப் படம் வரைந்து அனுப்பினார்கள். எட்டாம் மாதம் இரண்டு பெரியவர்கள், அவள் வெளியே வருவாளா மாட்டாளா என்று கோயில் வாசலிலேயே வாக்குவாதம் செய்தார்கள்.

அச்சான கடிதம் அக்காவுக்கும் ஒரு பிரதி போகும். நான் பயந்து பயந்து கேட்பேன்: "படிச்சியா?"

"நான் எழுதினதை நானே படிக்கணுமா? வேற வேலை இல்லை?"

அப்பாடா என்று போனை வைப்பேன்.

4

இப்போது அக்காவை அறிமுகப்படுத்த வேண்டும். மூன்று தடவை எழுதிப் பார்த்துவிட்டேன்.

"அவள் முகத்தில் ஒரு தெய்வீகச் சாந்தம்" — அடித்துவிட்டேன். இவள்தான் சின்ன வயதில் என் காதைத் திருகித் திருகி ஒரு காதை மட்டும் பெரிதாக்கியவள்.

"சொந்த பந்தங்களைத் துறந்து, தன்னந்தனியாக, தொலைதூரத்தில்" — வேண்டாம், கடிதத்தில் இருந்த வாசனை இதிலும் அடிக்கிறது.

"அக்காவின் சட்டை முழங்கையில் எப்போதும் காய்ந்த பசை இருக்கும்." இது இருக்கட்டும். இது உண்மை. கூடவே இதுவும் உண்மை: அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆட்டுக்குட்டிப் படத்தைத் துணி போர்த்திய பலகையில் ஒட்டினால், இருபத்திரண்டு வாயும் மூடும். உலகத்தில் வேறு எந்த அறையிலும் அவள் பேச்சுக்கு அப்படி ஒரு அமைதி கிடைத்ததில்லை. வீட்டில் நாங்கள் யாரும் அவளைப் பேசி முடிக்க விட்டதே கிடையாது.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊழியக் குழு ஒருவரை அனுப்பும். அவர் வகுப்பைப் பார்த்துவிட்டு, தொடரலாம் என்றோ, மூடிவிட்டு அக்காவைத் திருப்பி அழைத்து மிஷன் அலுவலகத்தில் உட்காரவைக்கலாம் என்றோ எழுதுவார். அலுவலகத்தில் அவளுக்காக ஒரு நாற்காலியும் பதினாறு கோப்புகளும் காத்திருந்தன. "அங்க போனா நான் ஆறே மாசத்துல அந்தக் கோப்புல ஒண்ணா ஆயிடுவேன்டா" என்று சொல்லியிருந்தாள்.

இந்தத் தடவை அனுப்பப்பட்டவர் எங்கள் சபைப் போதகரின் மனைவி, போதகரம்மா. அவர் எழுதுவதுதான் தீர்ப்பு.

அவர் கிளம்பிய செய்தி எனக்குத் தெரிந்ததும் பதினோரு தடவை அக்காவை அழைத்தேன். வகுப்பு நேரத்தில் அவள் போனை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவாள். முன்னொரு போன் மீன்தொட்டிக்குள் போன பிறகு வந்த பழக்கம்.

5

"வாங்கம்மா, வாங்க. நாளைக்குத்தானே வர்றதா..."

"நாளைக்கு வந்தா நீ எல்லாத்தையும் துடைச்சு அடுக்கி வெச்சிருப்பே. அதான் இன்னைக்கே வந்துட்டேன்." போதகரம்மா பெட்டியைக் கீழே வைத்தார். சுவரில் தொங்கிய பைகள், ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்த ஓவியங்கள், ஆறு குட்டி மேசைகள் என்று ஒரு சுற்றுப் பார்த்தார். "அது கிடக்கட்டும். எங்க அவ?"

"எவம்மா?"

"அட, நம்ம பாப்பா. மேசைக்கடியிலேயே இருக்காளே. தரை சில்லுன்னு இருக்குமேன்னு பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து அவளுக்கு மெத்தை தைச்சிருக்கோம், பாரு."

பொட்டலம் பிரிந்தது. இரண்டடிக்கு இரண்டடி மெத்தை. ஆளுக்கு ஒரு துண்டாக, தங்கள் பழைய சேலைகளை வெட்டித் தைத்திருந்தார்கள்.

[இந்த இடத்தில் "அக்காவுக்குத் தலை சுற்றியது" என்று எழுதியிருந்தேன். மறுநாள் போனில் ஒன்றரை மணி நேரம் என்னைத் திட்டிக்கொண்டே நடந்ததைச் சொன்னவள், தலை சுற்றியதாகச் சொல்லவில்லை. 'மெத்தையில அம்மாவோட சேலை மாதிரியே ஒரு துண்டு இருந்ததுடா' என்று மட்டும் சொன்னாள். ஆகவே தலை சுற்றலை எடுத்துவிட்டேன்.]

அக்கா வாயைத் திறப்பதற்குள் போதகரம்மா குனிந்தார். கனத்த சரீரம். மேசையைப் பிடித்து, நாற்காலியைப் பிடித்து, ஒரு முழங்கால் போட்டு, மறு முழங்கால் போட்டு, மெத்தையையும் இழுத்துக்கொண்டு முதல் மேசைக்குள் தலையை விட்டார்.

இருபத்திரண்டு கத்தரிக்கோல்கள் நின்றன.

"ஏன் அந்த ஆன்ட்டி உள்ளே போறாங்க?" என்று 'ஏன்' கேட்டான், அவன் மொழியில்.

பதில் வராத கேள்விக்கு அவனே நேரில் போய்ப் பார்ப்பான். போனான். அவன் பின்னால் சதா தும்முகிற பெண் போனாள். எப்போதும் அவள் கூடவே திரியும் இரட்டையர்கள் போனார்கள். பெரியவர் ஒருவர் மேசைக்குள் புகுந்தால் அது விளையாட்டு, அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு நிமிடத்துக்குள் ஆறு மேசைக்கு அடியிலும் இருபத்திரண்டு மேசையடிப் பாப்பாக்கள். அறையில் நின்றவள் அக்கா ஒருத்திதான்.

கீழிருந்து குரல் வந்தது. "ஏம்மா, இதுல எதும்மா அவ?"

பிறகு: "டீச்சர்... என் முட்டி பிடிச்சுக்கிச்சு. எந்திரிக்க முடியல."

அக்காவும் குனிந்து உள்ளே போனாள்.

6

இங்கே கதையை நிறுத்திவிட்டு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: அக்கா பக்கத்தில் இருந்த ஒரு பெண் குழந்தையைக் காட்டுகிறாள். கட்டை விரலைச் சூப்பிக்கொண்டு, ஏற்கெனவே மெத்தையின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்ட குழந்தை. போதகரம்மாவுக்கு அந்த ஊர் மொழி தெரியாது. கண்டுபிடிக்க வழியே இல்லை. வகுப்பு தொடரும், சபை மகிழும். என் பத்திரிகை ஆசிரியருக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

இரண்டாம் முடிவு: ஒரு குழந்தை திடீரென்று முதன்முதலாகப் பேசுகிறது. ஆனால் அந்த வகுப்பில் பேசாத குழந்தை என்று ஒன்று வேண்டுமே. அவர்கள் வாயை மூடவைத்தால்தான் அற்புதம்.

மூன்றாம் முடிவு: பழி முழுவதும் என் தலையில். நியாயமும் அதுதான். போனில் கெஞ்சினேன்.

"அக்கா, எல்லாத்தையும் என் தலையில போட்டிருக்கலாமே?"

"போட்டேன்டா. வேற யார் தலையில போடுவேன்? முதல் வேலையா உன் தலையிலதான் போட்டேன்."

7

ஆமாம். மேசைக்கு அடியில், போதகரம்மாவின் முழங்காலைத் தேய்த்துவிட்டபடியே அக்கா சொன்னாள்: "அப்படி ஒரு பிள்ளை இல்லம்மா. என் தம்பி எழுதினது."

"யாரு, அந்தக் கதை எழுதறவனா?"

"அவன்தான்."

"அஞ்சாம் மாசம் வெளிய வந்தவ மறுபடி உள்ள போனாளே?"

"அதுவும் அவன்தாம்மா."

"பாவிப்பய. நான் மூணு நாள் சாப்பிடலம்மா அவளுக்காக." போதகரம்மா மெத்தையின் ஓரத்தைத் தடவினார். கட்டை விரல் குழந்தை அவர் மடிக்கு நகர்ந்திருந்தாள். "குழு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? டீச்சர் தெரிஞ்சே பொய் எழுதினாள்னா, அந்த நிமிஷமே இந்த வகுப்பை மூடச் சொல்லிடுவாங்க. தம்பிக்காரன் குறும்பு, டீச்சருக்கு ஒண்ணும் தெரியாதுன்னா வேற. என்னைப் பார்த்துச் சொல்லு. உனக்கு இது எப்பத் தெரியும்?"

வாசகரே, பாருங்கள், எவ்வளவு பெரிய கதவைத் திறந்துவிட்டிருக்கிறார் அந்த அம்மா. ஒரே வார்த்தை போதும். 'இப்பதான்.' அதை நான் இரண்டு பிரதிகளில் அக்காவின் வாயில் போட்டுப் பார்த்தேன். வெகு அழகாகப் பொருந்தியது. வகுப்பு பிழைத்தது, எனக்குச் சபையில் நாலு வசவு, கதை சுபம். அது உண்மை என்றும் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

போனில் இந்த இடம் வந்ததும் அக்கா திட்டுவதை நிறுத்திவிட்டாள். பின்னணியில் யாரோ தும்மினார்கள். பிறகு, "எழுதறதுன்னா எழுதிக்கோ. ஆனா நான் சொன்னதை நீ மாத்தக் கூடாது" என்றாள்.

மாற்றவில்லை. இதைக் கேட்ட பிறகு போதகரம்மா குழுவுக்கு என்ன எழுதினார் என்பதை மட்டும் எழுதப்போவதில்லை. இவர்கள் விஷயத்தில் ஏற்கெனவே ஒரு தடவை மூக்கை நுழைத்தது போதும். நீங்களே அந்தக் குழுவில் உட்காருங்கள். உங்கள் முன்னால் வகுப்பைப் பற்றிய தாள், தொடரலாம் அல்லது மூடலாம். பேனா உங்கள் கையில். அக்கா போதகரம்மாவின் முழங்காலிலிருந்து கையை எடுக்காமல் சொன்னது இது:

"முதல் மாசமே படிச்சேன்மா. ரெண்டு வருஷமா நான் எழுதினதுக்கு ஒருத்தர்கூட பதில் போட்டதில்ல, அவ வந்தப்புறம்தான் எனக்குக் கடிதம் வர ஆரம்பிச்சுது."