நேற்றைவிட இரண்டு நிமிடம் அதிகம்

பறக்கவிட்டவை இருபத்திரண்டு. இறங்கியவை இருபத்தொன்று. பய்யூமி விரலை நீட்டி மறுபடி எண்ணிப் பார்த்தார். கணக்கு மாறவில்லை. பத்து நாளில் இது நான்காவது புறா.

போன புறா எங்கே என்பதில் சந்தேகமே இல்லை. இரண்டு மாடி தள்ளி இருக்கும் அத்வாவின் கூண்டில்தான். கெய்ரோவின் ஷுப்ரா பகுதி மொட்டைமாடிகளில் சட்டம் ஒன்றுதான்: எவன் மாடியில் இறங்குகிறதோ, புறா அவனுக்கு. திருப்பிக் கேட்கக் கூடாது. அத்வா நான்கையும் பய்யூமியின் கண்ணில் படும்படி முன்வரிசையில் அடைத்து வைத்திருந்தான்.

ஏன் வீடு திரும்ப மறுக்கின்றன? அதுதான் விளங்கவில்லை. பய்யூமி டிராம் பட்டறையில் இருபத்தாறு வருடம் மேஸ்திரியாக இருந்தவர். பழுது எங்கே என்று கண்டுபிடிக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. இறக்கையை விரித்துப் பார்த்தார், அலகைத் திறந்து பார்த்தார், கண்ணின் மினுக்கைப் பார்த்தார். எல்லாம் கொழுகொழுவென்று, கல்யாணத்துக்குத் தயாரான மாதிரி இருந்தன.

மகள் நெர்மீன் மேலே வந்தாள். பதினைந்து நாள் முன்பு அலுவலகப் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்து, 'நேற்றைவிட இன்று மேல்' என்று குளிர்பெட்டிக் கதவில் அட்டவணை ஒட்டியவள். அப்பாவின் தேநீரில் சர்க்கரை போனது. ராத்திரி ரொட்டி போனது. நாளுக்கு இரண்டு மாடிப்படி கூடியது. அட்டவணையின் கடைசி வரி புறாக்களுக்கு.

"இன்னிக்கு எவ்வளவு நேரம் பறந்துச்சு வாப்பா?"

"அம்பது நிமிஷம்."

"நாளைக்கு அம்பத்திரெண்டு. விடாம முயற்சி பண்ணணும்."

"இருக்கிறதையே அத்வாகிட்ட விட்டுக்கிட்டிருக்கேம்மா."

மறுநாள் நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் சுக்கரா கூட்டத்திலிருந்து கழன்றது. அந்த வெள்ளைப் பெட்டைதான் கூட்டத்தின் தலைவி. அது போகும் இடத்துக்கு மற்றவையும் போகும். அது அத்வாவிடம் இறங்கினால் இவருடைய கூண்டு ஒரே வாரத்தில் காலி.

சுக்கரா இரண்டு மாடிகளுக்கும் நடுவே, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு டிவி டிஷ் ஆண்டெனாக் குடையின் மேல் உட்கார்ந்தது. பய்யூமி மற்றவற்றை இறக்கி அடைத்துவிட்டு, சோளம் போட்ட தகர டப்பாவைக் குலுக்கினார். எதிரே அத்வாவும் குலுக்கினான். சுக்கரா சாவகாசமாக இறகு கோதியது. கால்மணி நேரம் போனதும் அத்வாவே சலித்துக் கத்தினான்.

"மேஸ்திரி! தீனியக் காட்டுறேன், ஆம்பளப் புறாவக் காட்டுறேன், திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது. அப்படி என்னத்தப் போடுறீங்க அதுக்கு?"

"இந்தப் பதினைஞ்சு நாளா காலையில சோளம், பட்டாணி, சத்து மருந்து. பறக்கிறதுக்கு முன்னாடி தெம்புக்கு இன்னும் ரெண்டு பிடி."

"முன்னாடியா!" அத்வா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து சிரித்தான். "சரி, நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

"வெள்ளரிக்கா."

"எஜமானுக்கு வெள்ளரிக்கா, புறாவுக்கு விருந்து! வயிறு ரொம்பினவன் எதுக்கு மேஸ்திரி வீட்டுக்கு வரணும்?"

பய்யூமி தலையில் அடித்துக்கொண்டார். இத்தனை எளிய இயந்திரமா! புறா வீடு திரும்புவது பாசத்தால் என்று பாட்டுகளில்தான் சொல்வார்கள். உண்மையில் அதை இழுத்து வருவது பசி. முன்பு போல இருபது நிமிடம் பறந்தால் பசி முற்றும், களைப்பு இன்னும் வந்திருக்காது. டப்பாச் சத்தம் கேட்டதும் நேரே வந்து இறங்கும். வயிற்றை நிரப்பி அனுப்பினால் இறங்கக் காரணமில்லை. ஐம்பது நிமிடம் விரட்டினால் வீடு வரை வரத் தெம்பில்லை. இரண்டும் சேர்ந்தால் எந்த மாடி பக்கமோ அதுதான் வீடு.

"சட்டம் சட்டம்தான் மேஸ்திரி," என்றான் அத்வா. "காலையில அதுக்குப் பசிக்கும். யார் டப்பாவுக்கு வருதோ அவங்களுக்கு."

பய்யூமி கூண்டிலிருந்த தீனித் தட்டுகளை எல்லாம் வெளியே எடுத்தார். மேலே வந்த நெர்மீன் பதறினாள்.

"காலைச் சாப்பாடு ராஜா மாதிரி இருக்கணும்னு பயிற்சியில சொன்னாங்க வாப்பா."

"ராஜா சொன்ன நேரத்துக்கு இறங்க வேண்டியதில்லம்மா. புறா இறங்கணும்."

விடிந்ததும் சுக்கராவின் ஜோடியைப் பட்டினியாகவே திறந்துவிட்டார். அது ஒரு சுற்றுச் சுற்றி, டப்பாச் சத்தத்துக்குக் கல் போல விழுந்து, தட்டு தடதடக்கக் கொத்தியது. ராத்திரி முழுக்கக் குடைமேல் இருந்த சுக்கரா கழுத்தை நீட்டியது. அத்வாவும் விடாமல் குலுக்கினான். அது எழும்பி அவன் தலைக்கு மேலேயே ஒரு வட்டமடித்தது. பய்யூமியின் கை நின்றுபோயிற்று.

"குலுக்குங்க வாப்பா!" என்று நெர்மீன் அலறினாள்.

குலுக்கினார். சுக்கரா சாய்ந்து திரும்பி, ஜோடியை இடித்துத் தள்ளிக்கொண்டு தட்டில் தலையை விட்டது. நெர்மீன் ஓடிப்போய்க் கதவை மூடினாள்.

அதற்குப் பிறகு அந்தக் கூண்டிலிருந்து ஒன்றுகூடத் தவறவில்லை. பய்யூமி செய்வது இவ்வளவுதான்: பறக்கும் முன் ஒரு பருக்கை தீனி கிடையாது. இருபது நிமிடம் பறக்கவிட்டு டப்பாவைக் குலுக்குகிறார். எல்லாம் இறங்கிக் கதவு மூடிய பிறகு வயிறு நிறையப் போடுகிறார். மறுநாளும் அதே இருபது நிமிடம்.