ஜன்னல் பக்கத்துப் பெட்டி

வியாழக்கிழமையிலிருந்து என் வீட்டுக்காரர் ஒரு இடத்தில் உட்காரவில்லை. உட்கார்ந்தால்தானே சாப்பிட, சாப்பிட்டால்தானே எனக்கு நிம்மதி. சனிக்கிழமை காலையில் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஸ்டூல் போட்டு ஏறி, பரணில் சாக்கு சுற்றிக் கிடந்த பழைய ரெக்கார்டு பிளேயரை இறக்கினார். அடையாறில் யாரோ வீட்டைக் காலி செய்தபோது வாங்கி வந்தது. வந்த நாளிலிருந்து அது பாடி நான் கேட்டதில்லை.

அவர் பெயர் புகழேந்தி. வடபழனியில் ஒரு டப்பிங் ஸ்டூடியோவில் சவுண்டு மிக்ஸிங் வேலை. வசனம் எந்தப் பக்கம், மழை எந்தப் பக்கம், எது எவ்வளவு கேட்க வேண்டும், எல்லாம் அவர் காது வைத்த சட்டம். வியாழக்கிழமை ஒரு டைரக்டர், இடது பக்கம் ஏன் இப்படிக் கத்துகிறது என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். ஸ்டூடியோவின் இடது ஸ்பீக்கர் சத்தம் குறைந்துவிட்டது, அதனால்தான் ஏற்றி வைத்தேன் என்று இவர் சொன்னாராம். முதலாளி மதிவாணன் தானே உட்கார்ந்து கேட்டுப் பார்த்துவிட்டு, "ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு புகழ். வீட்ல ரெஸ்ட் எடு, திங்கக்கிழமை பேசலாம்" என்று அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை என்ன பேசுவார் என்பது எனக்குத் தெரியாதா? காது போன மிக்ஸிங்காரனை யார் வைத்துக்கொள்வார்கள்?

"இந்தப் பாட்டுப்பொட்டி இன்னாத்துக்குய்யா இப்ப?" என்றேன்.

"இதோட வந்த தட்டு பழைய மோனோ சுலோ. ரெண்டு பக்கமும் ஒரே சத்தந்தான் வரும், கூடவும் செய்யாது, கொறையவும் செய்யாது. நம்ம வூட்டு ஸ்பீக்கர்ல ரெண்டும் சமமா கேட்டுச்சுன்னா என் காது சரி. அவங்க ஸ்பீக்கர்தான் பூட்ச்சி."

நம்ம வூட்டு ஸ்பீக்கர் என்றது தீபாவளிக்கு மகள் வாங்கி அனுப்பியது. ஆம்ப்ளிஃபையரை உள்ளேயே வைத்து, நேராகக் கரண்டில் சொருகுகிற வகை. ஒரு பெட்டியை இடது பக்கம் ஜன்னலோரம் வைத்தார், இன்னொன்றை வலது பக்கம் ஃபிரிட்ஜ் ஓரம். நடுவில் நின்று முள்ளைத் தட்டில் இறக்கினார். அடுத்த தெருக் கல்யாணத்து நாகஸ்வரம் மாதிரி ஏதோ கேட்டது. வால்யூம் திருகைக் கடைசிவரை திருகினார். அடுத்த தெரு இந்தத் தெருவுக்கு வரவேயில்லை.

அதன் பிறகு அவர் பட்ட பாடு இருக்கிறதே. முள்ளை ஊதினார், பஞ்சால் துடைத்தார், பின்னைப் பிடுங்கிச் சொருகினார், வயரை மாற்றினார். மண்டியிட்டு ஒரு பெட்டி மேல் காதை வைத்தார், எழுந்து மறு பெட்டிக்கு ஓடினார். இவ்வளவு சின்னச் சத்தத்தில் எது கம்மி, எது ஜாஸ்தி என்று யாரால் சொல்ல முடியும்? எனக்கு அடுப்பில் குழம்பு, கண்ணெல்லாம் ஹாலில். கடைசியில் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார்.

"ப்ரீ-ஆம்ப் இல்லாம சொருவிக்கினு கீறேன் பாரு. முள்ளுல வர்றது கொசு அளவு கரண்டு. பழைய ஆம்ப்ளிஃபையர்ல அதைத் தூக்கிவுட தனியா ஒரு வழி இருக்கும். இந்தப் புது பொட்டில ஏது?"

தொழில் தெரிந்த மனுஷன் முதல் நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டியது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்த ப்ரீ-ஆம்ப் டப்பா வாங்க, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற ரிச்சி தெருவுக்குக் கிளம்பினார். அந்த நிலைமையில் தனியாக வண்டி ஓட்ட விட எனக்கு மனசில்லை, பின்னால் ஏறிக்கொண்டேன். ராயப்பேட்டை அருகே இடது பக்கம் ஒரு ஆட்டோ ஹாரனை அழுத்திக்கொண்டே ஒட்டி வந்தது. இவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் தோளைப் பிடித்து இழுத்த பிறகுதான் ஒதுங்கினார். "இன்னாடீ?" என்று என்னையே முறைத்தார். ஆட்டோ ஹாரனைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்தேன் என்று சொன்னால் எங்கள் மந்தைவெளியில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாங்கி வந்த சின்ன டப்பாவைப் பிளேயருக்கும் பெட்டிகளுக்கும் நடுவில் சொருகி முள்ளை வைத்தார். ஸ்பீக்கர் திருகு காலையில் கடைசிவரை திருகினபடியே இருந்தது. நாகஸ்வரம் எங்கள் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. ஃபிரிட்ஜ் மேல் இருந்த டம்ளர் உருண்டது. கீழ்வீட்டுத் தங்கபுஷ்பம் மூச்சு வாங்க மாடி ஏறி வந்து, "இன்னாக்கா, வூட்டுல விசேஷமா, சொல்லவேயில்ல?" என்றாள். ஒருவழியாக அவளை அனுப்பிவிட்டுத் திரும்பினால், சத்தத்தைக் குறைத்துவிட்டு இவர் நடுவில் நின்று கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் பின்னால் நின்று கேட்டேன். இரண்டு பெட்டியும் ஒன்று போலப் பாடின. இவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

"ஜன்னல் பக்கம் கம்மியா கீது" என்றார்.

நான் சமையலறைக்குள் போய், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

அவர் தொழிலில் ஒரு முறை உண்டு. இடமும் வலமுமாக மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். எதை மாற்றும்போது கோளாறு பக்கம் மாறுகிறதோ, கோளாறு அதில் இருக்கிறது. இவர் டப்பாவிலிருந்து போகிற வயர்களை இடம் மாற்றினார். முள்ளில் குற்றம் என்றால் இப்போது ஃபிரிட்ஜ் பக்கம் குறைய வேண்டும். "இன்னும் ஜன்னல் பக்கந்தான்" என்றார். அப்படியானால் பெட்டிதான் என்று இரண்டு பெட்டிகளையும் தூக்கி இடம் மாற்றி வைத்தார். அப்போதும் ஜன்னல் பக்கம்தான். திறந்த ஜன்னல் வழியே சத்தம் ஓடுகிறது என்று ஜன்னலைச் சாத்தினார். வேர்த்து ஊற்றியது. சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஹாலின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். மாற்ற வேறு எதுவும் இல்லை.

"சுலோ, இப்டி வா. நான் நின்ன எடத்துல நில்லு. எந்தப் பக்கம் கம்மி?"

ஜன்னல் பக்கம் என்று சொல்லிவிடலாம். முகம் மலர்ந்து சாப்பிட உட்காருவார். திங்கட்கிழமை அதே நம்பிக்கையில் போய் மதிவாணனிடம் சண்டை பிடிப்பார், இருக்கிற மரியாதையும் போய்விடும். அவர் காட்டிய இடத்தில் போய் நின்றேன்.

"ரெண்டும் ஒண்ணாத்தான்யா கீது."

அவர் கோபப்படவில்லை. என்னை மெல்ல நகர்த்திவிட்டுத் தன் இடத்தில் வந்து நின்றார். பிறகு பெட்டிகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

"இப்ப ஃபிரிட்ஜ் பக்கம் கம்மியா கீது சுலோ" என்றார்.

நான் போய் அவர் முழங்கையைப் பிடித்தேன். "நாளைக்கு டாக்டரப் பாக்கலாம். திங்கக்கிழமை நானும் கூட வரேன்" என்றேன். தலையாட்டினார். தட்டு முடிந்து முள் உரசிக்கொண்டிருந்தது.

"இன்னொரு வாட்டி போடு" என்றார்.

போட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்து நின்றார், வாசலைப் பார்த்து நின்றார், மறுபடி பெட்டிகளைப் பார்த்து நின்றார். திரும்பின ஒவ்வொரு முறையும் சத்தம் குறைகிற பக்கத்தைக் கை நீட்டிக் காட்டினார். ஒவ்வொரு முறையும் நீட்டியது இடது கையைத்தான்.