சுவரைத் திறந்த நாள்

கான்ட்ராக்டர் என்றால் நதீனுக்கு முதலில் லைசென்ஸ் நம்பர் தெரிய வேண்டும். ஸ்டாக்டன் நகரத்தில் அவள் தெருக்காரர்கள் பாதிப் பேர், பீரும் பீட்சாவும் வாங்கிக் கொடுத்துச் சொந்தக்காரனை வைத்துச் சமையலறையைப் பிரித்துப் போட்டுவிட்டு, மாதக்கணக்கில் கார் ஷெட்டில் முட்டை பொரித்தவர்கள். நதீன் அந்த ரகமில்லை. கான்ட்ராக்டர் மரிசெலா ஓச்சோவா வந்து இறங்கியதும், வேனில் எழுதியிருந்த நம்பரைப் போனில் தட்டி, லைசென்ஸ் கொடுக்கும் மாநில வாரியத்தின் இணையப் பக்கத்தில் அவள் பெயரைப் பார்த்த பிறகுதான் கதவைத் திறந்தாள். மரிசெலா கோபித்துக்கொள்ளவில்லை. காப்பீட்டுப் பத்திரத்தையும் தானே எடுத்து நீட்டினாள்.

வேலை பெரிதொன்றுமில்லை. பின்னறையோடு ஒட்டி ஒரு குளியலறை வேண்டும். இடுப்பில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து கணவர் விர்ஜிலின் படுக்கை கீழே பின்னறைக்கு வந்துவிட்டது. குளிக்க மட்டும் மனைவியின் தோளைப் பிடித்து மாடியேற வேண்டியிருந்தது. மானஸ்தருக்கு அது பெரிய தலைகுனிவு.

சிக்கல் அந்தப் பின்னறையில்தான் இருந்தது. கல்யாணமான புதிதில், ஞாயிற்றுக்கிழமைகளில், விர்ஜில் ஒண்டியாளாகக் கட்டிய அறை அது. நகரசபையில் அனுமதி வாங்கவில்லை. அப்போது யார் வாங்கினார்கள்? ஆனால் வெளியே தெரிந்தால் வம்பு என்று, வந்தவர்கள் "நல்லா இருக்கே" என்றபோதெல்லாம், வீடு வாங்கும்போதே இருந்தது என்று புருஷனும் பெண்டாட்டியும் சொல்லிப் பழகிவிட்டார்கள். சொல்லும்போதெல்லாம் விர்ஜிலின் முகம் சுருங்குவதை நதீன் பார்த்திருக்கிறாள்.

நகரசபைக்குப் போய்வந்த மரிசெலா, வீட்டின் வரைபடத்தில் இந்த அறையே இல்லை என்றாள். லைசென்ஸை வைத்துப் பிழைப்பவள்; கண்டும் காணாமல் போக மாட்டாள். குளியலறைக்கு அனுமதி கேட்குமுன் அறைக்கு அனுமதி வாங்க வேண்டும். அதற்குச் சுவரைத் திறந்து உள்ளே இருப்பதை அதிகாரிக்குக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் இடிக்கச் சொல்லிவிடுவார்.

நதீனின் தம்பி டாரெலுக்கு இது போதாதா? "இதுக்குத்தான்க்கா சொன்னேன். என்னைக் கூப்பிட்டிருந்தா சத்தமில்லாம முடிச்சிருப்பேன். ஒரு ஈ காக்காவுக்குத் தெரிஞ்சிருக்காது."

"நீ போட்ட வேலி நாய் உரசினாலே சாயுதுடா. பேசாம இரு" என்றாள் நதீன். வாய்தான் அப்படிப் பேசியது. லைசென்ஸ், லைசென்ஸ் என்று பிடிவாதம் பிடித்து, விர்ஜில் கையால் கட்டியதைத் தானே இடிக்க வைக்கப் போகிறோமோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வேலையே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று அவரைக் கேட்டாள்.

"திறக்கச் சொல்லு" என்றார் விர்ஜில்.

"இடிக்கச் சொல்லிட்டா?"

"இடிக்கட்டும். நான் கட்டினதை நானே ஒளிச்சு வெச்சது போதும்."

மரிசெலாவின் ஆட்கள் சுவர்ப் பலகைகளைக் கழற்றினார்கள். உள்ளே மரச்சட்டங்கள் வரிசையாக நின்றன. நகரசபை அதிகாரி வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், தோளைக் கொடுத்துத் தள்ளியும் பார்த்தார். மின்கம்பிகள் தேறாது, முழுக்க மாற்ற வேண்டும் என்றார். அப்புறம் ஜன்னலுக்கு மேலிருந்த உத்தரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"தேவைக்கு மேலயே கனமா போட்டிருக்கு. பூகம்பம் வந்தாலும் அசையாது. யார் கட்டினது?"

பழக்கதோஷம், நதீனின் நாக்கு முந்திக்கொண்டது. "நாங்க வாங்கும்போதே..."

"நான்தான்" என்றார் விர்ஜில். பிடித்து நடக்கும் வாக்கரை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார். "நான் ஒருத்தனேதான் கட்டினேன்."

அதிகாரி கைகுலுக்கினார். கம்பிகளை மாற்றியதும் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். நதீனுக்குத் தலைகால் புரியவில்லை. மரிசெலாவைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள்.

கம்பி வேலை முடிந்து கையெழுத்தும் விழுந்தது. மறுநாளே சுவரை மூட மரிசெலா பலகைகளோடு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை கழியட்டும் என்று நதீன் திருப்பி அனுப்பிவிட்டாள். அந்த ஞாயிறு சர்ச் விட்டதும் தெருவையே வீட்டுக்குக் கூட்டிவந்தாள். காப்பியும் கேக்கும் கொடுத்து, மூடாத சுவரின் முன்னால் எல்லோரையும் நிறுத்தினாள். டாரெல் சட்டங்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் அசையவில்லை என்றதும் கேக்கை எடுத்துக்கொண்டான்.

"வெறும் கட்டையை என்னத்துக்குக் காட்டுற?" என்று கேட்டாள் எதிர்வீட்டுக்காரி.

"நல்லாப் பாத்துக்கோ" என்றாள் நதீன். "என் புருஷன் கட்டினது."