தீக்காய நிதிக்கு ஒரு சைக்கிள் பயணம்

சைக்கிள் மிதிப்பதை ஒரு சாதனை என்று யாராவது சொல்லியிருந்தால் சிவபாண்டி சிரித்திருப்பான். எம். புதுப்பட்டியில் இருந்து சிவகாசி அச்சாபீசுக்குத் தினமும் போக வர மிதிக்கிறவன் அவன். கேரியரில் காலண்டர் கட்டோ பேப்பர் ரீமோ இல்லாமல் அந்த வண்டி ஓடியதே கிடையாது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அச்சாபீஸ் முதலாளி லட்சுமிகாந்தம் ஒருநாள் கூப்பிட்டுவிட்டார்.

"ஏலே, நம்ம மொதலாளிக சங்கத்துல இருந்து மெட்ராசு வரைக்கும் சைக்கிள்ல போறோம். ஐந்நூத்துச் சொச்சம் கிலோமீட்டர். தீக்காயம் பட்டவுகளுக்கு நிதி. நம்ம வீட்டுப் பயலுக எட்டுப் பேரு வாறாங்க. தொழிலாளி தரப்புல ஒருத்தன் வேணும். நீ வா. மொத ஆபரேசன் ஒங்க அக்காவுக்குத்தான்."

அந்தக் கடைசி வார்த்தைக்காக அவன் மெட்ராஸ் என்ன, டெல்லிக்கே மிதிப்பான். அக்கா மாரிசெல்வி பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் வெந்து இரண்டு வருஷம் ஆகிறது. உயிர் தங்கியது. ஆனால் கழுத்துத் தோல் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு இறுகிவிட்டது. தாடை எழும்பாது. எதிரே வருகிறவரைக் காலை வைத்துத்தான் யாரென்று கண்டுபிடிப்பாள். தொடைத் தோலை எடுத்து வைத்துத் தைத்தால் கழுத்து நிமிரும் என்று மதுரையில் பெரிய டாக்டர் சொன்னார். செலவையும் அவரே சொன்னார், அதோடு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அந்தக் கம்பெனி முதலாளி கோட்டைச்சாமியோ, அவள் பெயரே தன் கம்பெனி ரிஜிஸ்தரில் இல்லை என்று கையை விரித்துவிட்டார். இப்போது அவர்தான் இந்தச் சைக்கிள் பயணத்துக்குத் தலைவர். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்றால் இதுதான்.

பயிற்சி என்று ஒன்று நடந்தது. விடிந்தும் விடியாமலும் சிவகாசியில் கிளம்பி விருதுநகர் போய்த் திரும்ப வேண்டும். பையன்கள் எட்டுப் பேருக்கும் கியர் சைக்கிள். பின்னாலேயே ஒரு வேன், அதில் குளுக்கோஸ், வாழைப்பழம், கால் பிடித்துவிட ஓர் ஆள். திருத்தங்கல் தாண்டுவதற்குள் அவர்களுக்கு நாக்குத் தள்ளிவிடும். வேனில் ஏறி விருதுநகர் எல்லையில் இறங்கி, தலையில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பார்கள். சிவபாண்டி முழு தூரத்தையும் தன் பழைய வண்டியில் மிதித்து வந்து சேரும்போது போட்டோக்காரர் போயிருப்பார். போகட்டும், சனியன்கள், நமக்கு அக்கா கழுத்து நிமிர்ந்தால் போதும் என்று அப்படியே அச்சாபீசுக்கு வேலைக்குப் போய்விடுவான்.

வசூலுக்குப் போஸ்டர் அடித்தார்கள். அதுவும் அவன் வேலை பார்க்கும் மிஷினில்தான். அக்காவின் படம் நாலு கலரில் தாள் தாளாக வந்து விழுந்தது. கீழே பதினோரு பட்டாசுக் கம்பெனிகளின் சின்னம், அதில் கோட்டைச்சாமியுடையது அக்கா முகத்தைவிடப் பெரிது. லட்சுமிகாந்தம் ஒரு தாளை எடுத்து லென்சு வைத்துப் பார்த்தார்.

"தளும்பு வெளுப்பா விளுதேலே. மெஜந்தாவக் கூட்டு. பாக்கிறவுக மனசு எளக வேணாமா?"

பிள்ளையார் காலண்டருக்குச் சொல்லும் அதே குரலில் சொன்னார். சிவபாண்டி அந்தச் சிவப்பு மையின் திருகைத் திருகினான். ஆறிப்போன கழுத்து மறுபடியும் பச்சைப் புண்ணாக வெளியே வந்தது. இரண்டாயிரம் தாள். தன் கையாலேயே அவளை இரண்டாயிரம் தடவை சுட்டது போல இருந்தது. அன்றைக்கு மத்தியானச் சோற்றை நாய்க்குப் போட்டான்.

வீட்டுச் சுவரில் யாரோ ஒட்டியிருந்த போஸ்டரைக் கிழித்து மடியில் வைத்துக் குனிந்தபடி பார்த்தாள் மாரிசெல்வி.

"எனக்கு இம்புட்டுச் செவப்பா ஒருநாளும் இருந்ததில்லையேலே" என்றாள்.

புறப்படும் நாள் வந்தது. பஜாரில் மேடை. மாரிசெல்விக்குப் புதுச் சேலை எடுத்துக் கொடுத்து நடு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். போட்டோக்காரர் வந்து, "கொஞ்சம் நிமிந்து பாரும்மா" என்றார். பக்கத்தில் ஒருவர் காதைக் கடித்த பிறகு, "சரி, அப்படியே இருங்க" என்று கீழே குத்தவைத்து எடுத்தார்.

சிவகாசியில் கல்யாணம் ஆனாலும், கடை திறந்தாலும், கவுன்சிலர் ஜெயித்தாலும் சரவெடி இல்லாமல் எதுவும் தொடங்காது. கோட்டைச்சாமி கம்பெனியில் இருந்து பத்தாயிரம் வாலா ஒன்று இலவசமாக வந்திருந்தது. மேடையில் இருப்பவள் யார், எதற்காக வந்திருக்கிறாள் என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. ஊர்ப் பழக்கம் அப்படி. அவ்வளவு ஏன், சிவபாண்டியே ஒரு முனையைப் பிடித்து மேடைக் கால் வரைக்கும் பிரித்துப் போட்டான். அதை நினைத்தால் அவனுக்கு மற்றவர்களைவிடத் தன்மேல்தான் அதிக அருவருப்பு.

கோட்டைச்சாமி கொடியை அசைத்தார். திரி பற்றியது. முதல் பத்து வெடிக்கே மாரிசெல்வி நாற்காலியோடு சாய்ந்தாள். முன்னால் கிடந்த மேஜைக்கு அடியில் ஊர்ந்து போய்த் தலைமுடியை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு அலறினாள். வெடி நிற்கும் வரைக்கும் அலறல் யாருக்கும் கேட்கவில்லை. நின்ற பிறகுதான் கேட்டது. புதுச் சேலை நனைந்து மேடையில் தண்ணீராக ஓடியது.

"பயப்படாதம்மா, எல்லாம் நம்ம சரக்குதான்!" என்றார் கோட்டைச்சாமி மைக்கில். கூட்டம் சிரித்தது. சிரித்தார்கள், மனுசப் பிறவிகள்தான்.

சிவபாண்டி, பயணத்துக்கென்று கொடுத்திருந்த கம்பெனிப் பெயர் போட்ட பனியனைக் கழற்றி மேடையில் எறிந்தான். "நான் வரலை. ஒங்க நிதியும் வேணாம், ஒரு மயிரும் வேணாம்."

லட்சுமிகாந்தம் அவன் தோளை அணைத்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "கோவப்படாதலே. தொழிலாளி இல்லாமப் போனா பேப்பர்ல நல்லாவா இருக்கும்? பெறவு மொத ஆபரேசனை வேற யாருக்காவது மாத்திருவாக. யோசிச்சுக்கோ."

அவர் கையைத் தட்டிவிட்டு அவன் மேஜைக்கு அடியில் குனிந்தான். மூத்திர நாற்றத்தோடு கந்தக நாற்றமும் கலந்து அடித்தது. அக்காவின் உடம்பு இன்னும் வெடவெடத்துக்கொண்டிருந்தது.

"வாக்கா, வீட்டுக்குப் போவோம்."

"நீ எங்கன வாற? அந்தப் பனியன எடுத்து மாட்டு."

"இவனுக காசுலயா ஒனக்கு ஆபரேசன் பண்ணணும்? வேணாங்க்கா."

"ஏறி மிதிலே, மெட்ராசு வரைக்கும்." அவள் சேலை முந்தியால் மார்பைத் துடைத்தாள். "எனக்குக் களுத்து நிமிரணும். இப்ப இவனுகளப் பாத்துக் காறித் துப்புனேன், அது என் மாருலதான் விளுந்துச்சு."