கைக்கு டூப்பு

மேக்கப்மேன் பக்தவத்சலம் சரசாவின் வலது கையை ஒரு துண்டின்மேல் விரித்து வைத்து, ஸ்பான்ஜில் கிரீமைத் தொட்டுத் தொட்டு ஒற்றிக்கொண்டிருந்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு இல்லாத கை அது. விரல் இருந்த இடத்தில் தோல் சுருங்கி வழவழவென்று கிடந்தது. அங்கே மட்டும் கிரீம் ஒட்டுவேனா என்று வழுக்கிக்கொண்டு வந்தது. "ஹீரோயின் கலருக்கு வரணும்மா, இன்னும் ரெண்டு கோட்டிங் போடணும்" என்றார். "போடுண்ணா. இந்த ஜென்மத்துல ஒரு கையாச்சும் செவப்பாவட்டும்" என்று சொல்லிச் சரசா சிரித்தாள். பக்கத்தில் நின்றிருந்த அவள் மகள் யுவராணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வரைந்த காமிக்ஸில் அந்தக் கை கறுப்பு. கன்னங்கரேலென்ற கறுப்பு. அதை வெளுக்கச் சொல்லி அவள் யாரையும் கேட்கவில்லை.

பூந்தமல்லி தாண்டி ஒரு ஸ்டுடியோவில் படப்பிடிப்பு. கதை யுவராணியுடையது. காட்டுப்பாக்கத்தில் ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் செய்யும் கடையில் வேலை பார்த்துக்கொண்டே, பஸ்ஸிலும் சாப்பாட்டு நேரத்திலும் போனில் வரைந்து இன்ஸ்டாகிராமில் போட்ட கதை. மூணு விரலோடு ஒரு பெண். அவள் கை வைத்தால் எந்த மெஷினும் நின்றுவிடும், அவ்வளவுதான் அவளுக்கிருந்த சக்தி. டைரக்டர் ஸ்ரீநாத் அதைப் படித்துவிட்டுத் தானாகவே போன் செய்தார். "கண்ணு கலங்கிடுச்சுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு மயங்கி, நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள் இந்தப் பைத்தியக்காரி. பிறகு ஹீரோ வந்தார், பாட்டு வந்தது, படத்துக்கு இங்கிலீஷில் ஒரு பேர் வந்தது. சினிமா என்றால் அப்படித்தான் என்று ஒவ்வொன்றையும் விழுங்கிக்கொண்டாள். கம்ப்யூட்டரில் ஹீரோயினின் விரலை அழித்தால் க்ளோசப்பில் ரப்பர் கை போலத் தெரிகிறது, அம்மாவை அனுப்ப முடியுமா என்று ஸ்ரீநாத் கேட்டபோது அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. சரசாவுக்கு அதைவிடச் சந்தோஷம். கை மட்டும்தான் தெரியும் என்று எத்தனை தரம் சொல்லியும் கேளாமல், கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வெள்ளானூரிலிருந்து கிளம்பிவிட்டாள்.

விரல்கள் போனது அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், இரும்புத் தகட்டை அமுக்கி உருப்படி செய்யும் ஒரு பிரஸ் ஷாப்பில். யுவராணி அப்போது சின்னப் பெண். அந்த மெஷினுக்கு இரண்டு பட்டன். இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் அமுக்கினால்தான் மேலேயிருந்து இரும்பு இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காகச் செய்தது. ஆனால் அப்படி அமுக்கிக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. அதனால் சூப்பர்வைசர் காலையில் வந்ததும் ஒரு பட்டனில் மரத்துண்டை ஆப்பாகச் செருகிவிட்டுப் போவான். ஒரு கை அமுக்கும், ஒரு கை தகடு வைக்கும், உருப்படி மளமளவென்று விழும். ஷெட்டில் எல்லா மெஷினும் அப்படித்தான் ஓடியது. சரசாவின் கை நசுங்கிய அன்று, ரத்தத்தைக் கழுவுவதற்கு முன்னால் ஆப்பைப் பிடுங்கினார்கள். "பராக்கு பார்த்தாள்" என்று சொல்லிவிட்டார்கள். தெருவே அதை நம்பியது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு அப்பா எத்திராஜ் கேட்ட முதல் கேள்வியே, "நீ எங்க பாத்துகினு இருந்தே?" என்பதுதான். விரல் போனதுகூட ஆறிவிட்டது, அந்தக் கேள்வி ஆறவில்லை. அதற்குத்தான் யுவராணி கதையின் முதல் பக்கம் முழுக்க அந்த ஆப்பை வரைந்தாள்.

அசிஸ்டென்ட் டைரக்டர் பரத் ஒரு போனைக் கொண்டுவந்து சரசாவின் கையருகில் வைத்து, தள்ளி நின்று பார்த்தான். திரையில் ஹீரோவின் படம் சிரித்துக்கொண்டிருந்தது.

"இது இன்னாத்துக்கு?" என்றாள் யுவராணி.

"ஷாட்டுக்குக்கா. ஹீரோயின் ஹீரோகூட வீடியோ கால் பேசிட்டே வேலை செய்வாங்க. அப்பதான் கை மாட்டும். கட் பண்ணா, மெஷின்மேல இந்தக் கை, ரத்தம், பக்கத்துல போன். ஹீரோ அந்தப் பக்கம் ஹலோ ஹலோன்னு கத்துறார். செம எமோஷன்."

யுவராணி அவனைத் தாண்டி நடந்தாள். மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஸ்ரீநாத்திடம் நேராகப் போனாள்.

"ஆப்பு எங்க சார்?"

அவர் பொறுமையாகத்தான் பேசினார். அந்தப் பொறுமைதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. "யுவராணி, காமிக்ஸ்ல அதை ஒரு பக்கத்துல வரைஞ்சிடலாம். சினிமால அதைப் புரியவைக்கவே அஞ்சு நிமிஷம் ஆகும். போன்னா எல்லாருக்கும் டக்குனு கனெக்ட் ஆகும். அதோட, நாளைக்கு ஏதாவது கம்பெனி கேஸ் போட்டா யார் அலையறது?"

"கம்பெனி கேஸ் போடும்னு பயம். எங்கம்மா போட மாட்டான்னு தைரியம். அதானே?"

செட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். புரொடக்ஷன் மேனேஜர் ஜெகதீசன் எழுந்து வந்தார். "இன்னாம்மா சவுண்டு? கதை கொடுத்தாச்சு, கையெழுத்துப் போட்டாச்சு. இஷ்டம் இல்லாங்காட்டி கெளம்பு. வேற கை கீது."

வேற கை. கடையில் ஒரு செருப்பு சேரவில்லை என்றால் வேறு எடுத்துக்காட்டுகிற தினுசில் சொன்னார். யுவராணிக்கு அவர் கன்னத்தில் ஒன்று வைக்கத் தோன்றியது. வைக்காமல் திரும்பி வந்தாள். சரசா கையைத் திருப்பித் திருப்பி அழகு பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையை அவள் அப்படி ஆசையாகப் பார்த்து யுவராணி கண்டதே இல்லை. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு தியேட்டரில் உட்கார்ந்து அம்மா அதைப் பார்ப்பதை நினைத்தாள். சொல்லிவிட்டாள்.

சரசா கையையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ எங்கிட்ட போனே கெடையாதேடி" என்றாள். ஏதோ அந்த ஒரு விஷயத்தை எடுத்துச் சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல.

ஸ்ரீநாத்தே எழுந்து வந்துவிட்டார். குனிந்து, கனிவாக, "அம்மா, இது உங்க கதை இல்லம்மா. அந்த கேரக்டரோட கதை" என்றார்.

"கை?" என்றாள் சரசா.

"ம்?"

"கை என்துதானே நைனா? பராக்கு பாத்தேன்னு அவங்க சொன்னாங்க. இப்ப என் கையவே வெச்சி நீங்களும் சொல்றீங்களா?" இடது கையால் போனைத் தள்ளி வைத்தாள். "பதிலுக்கு ஒரு வார்த்த பேசாம இத்தினி வருசம் இருந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!" துண்டை உதறிவிட்டு எழுந்தாள். பக்தவத்சலம் ஸ்பான்ஜும் கையுமாக அப்படியே நின்றார்.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. ஜெனரேட்டர் வண்டியைச் சுற்றிக்கொண்டு கேட்டுக்குப் போகிற வழியில், வண்டியின் நிழலில் மூன்று பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேருமே வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தார்கள். ஜெகதீசன் சொன்ன வேறு கை இதுதான் என்று யுவராணிக்கு விளங்கியது. "வாம்மா போலாம்" என்று இழுத்தாள். சரசா நகரவில்லை. கையை அப்படி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நடந்தவள் அவள்.

"எந்தக் கம்பெனி?" என்று முதலில் இருந்தவளிடம் கேட்டாள்.

அவள் கம்பெனியின் பெயரைச் சொல்லாமல், "எஸ்டேட்டுதான்க்கா" என்றாள்.

"ஆப்பா?"

அந்தப் பெண் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். "கட்டை வெச்சிருந்தான். நான் தூங்கிட்டேன்னு சொல்ட்டாங்க."

"எனக்குப் பட்டன்மேல டேப்பு சுத்தி ஒட்டிட்டான்" என்றாள் அடுத்தவள். "பேசிகினு இருந்தேனாம்."

மூன்றாவது பெண் மிகவும் சின்னவள், யுவராணியைவிடச் சின்னவள். அவள் முந்தானையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டாள்.

"உள்ள இன்னா சீனு எடுக்கறாங்கன்னு சொன்னாங்களா உங்களுக்கு?" என்றாள் சரசா.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சரசா காலி நாற்காலி ஒன்றை இழுத்து அவர்களுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். சொல்ல ஆரம்பித்தாள். சொல்லச் சொல்ல அவள் குரல் ஏறியது. செட் கதவைத் திறந்துகொண்டு பரத் எட்டிப் பார்த்தான். "ஃபர்ஸ்ட் யாரும்மா? வாங்க, லைட்டிங் ரெடி" என்றான். யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை. கடைசி நாற்காலியில் இருந்த சின்னப் பெண் முந்தானையை விலக்கித் தன் கையை வெளியே எடுத்தாள். தையல் தழும்பு இன்னும் சிவப்பாகவே இருந்த அந்தக் கையை நீட்டி, சரசாவின் கையில் அப்பியிருந்த வெள்ளைக் கிரீமை மெல்லத் துடைக்கத் தொடங்கினாள்.