மலை ஓடைக்கு வந்த ஆற்றுக்காரி

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். மோகனப்பிரியா நான்கு வருடமாக மீன்மூலம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொல்லிமலையில் ஒரு ஓடை. பாறை விளிம்புவரை சாதுவாக வந்து, அங்கிருந்து தலைகுப்புற விழுகிறது. விழும் இடத்துக்கு மேலே, கூழாங்கல் இடுக்குகளில், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு அயிரை வாழ்கிறது. கீழே ஆற்றில், ஜேடர்பாளையம் தடுப்பணையில் வலை போட்டால் வருவதும் அயிரைதான். ஆனால் மலையில் இருப்பதற்கு மீசை குட்டை, உடம்புப் பட்டை அகலம். அத்தனை உயர அருவியை எந்த அயிரையாலும் ஏறிவிட முடியாது. ஆகவே இது தனி இனம், இந்த ஓடையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாதது என்று அவள் நம்பினாள். நம்பியதை நிரூபிக்கத்தான் சேலத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தாள்.

நிரூபித்தே ஆக வேண்டிய நெருக்கடியும் வந்து சேர்ந்தது. ஓடையை மறித்துச் சுவர் எழுப்பி, படகு விடக் குளம் கட்டுவதாக ஒரு திட்டம். ஓடும் தண்ணீரில் கல்லை அண்டி வாழும் மீன் தேங்கிய தண்ணீரில் பிழைக்காது. திட்டத்தைப் பரிசீலித்த குழு கேட்டது ஒரே கேள்விதான்: இது வேறெங்கும் இல்லாத மீனா? ஆற்றிலும் இருக்கிறது என்றால், ஓடைக்காக வருத்தப்பட யாருக்கும் நேரமில்லை.

மீசையையும் பட்டையையும் காட்டினால் குழு ஒப்புக்கொள்ளாது. அண்ணன் தம்பிக்குள்ளேயே ஒருத்தன் கறுப்பு, ஒருத்தன் சிவப்பு இல்லையா? எனவே மலை மீனிலும் ஆற்று மீனிலும் துடுப்பின் நுனியைத் துளி வெட்டி, மீன்களைத் தண்ணீரிலேயே திரும்ப விட்டுவிட்டு, அந்தத் துளிகளிலிருந்து டிஎன்ஏ எடுத்தாள். ஒரு மரபணுவின் எழுத்துகளை வரிசையாக அடுக்கி ஒப்பிட்டால், எது எதற்கு எவ்வளவு நெருக்கம் என்று கணினி மரமாக வரைந்து கொடுக்கும். பக்கத்துக் கிளை என்றால் பக்கத்துச் சொந்தம். இந்த வேலைக்கு எல்லா ஆய்வுக்கூடங்களிலும் முதலில் எடுப்பது ஒரே மரபணுதான். கிடைப்பதும் படிப்பதும் சுலபம்.

மரம் வந்தது. மலை அயிரையும் ஆற்று அயிரையும் ஒரே கிளையில், தோளோடு தோள் உரசிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

அவளுடைய வழிகாட்டி ஜீவானந்தம் நல்ல மனிதர். நல்ல மனிதர்களின் தொல்லை என்னவென்றால், கெட்ட செய்தியையும் மெதுவாகத்தான் சொல்வார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, மரத்தைப் பார்த்தார்.

“ரெண்டும் ஒண்ணுதான் மோகனா. வேற வேற இடத்துல வளர்ந்ததால உருவம் கொஞ்சம் மாறியிருக்கு. அப்படியே எழுதி குழுவுக்குக் குடுத்துடலாம். பொய் சொல்ல முடியாதில்ல.”

“ஆமாங்க சார்,” என்றாள். வேறென்ன சொல்வது? வீடு இருக்கும் புதுச்சத்திரத்துக்குப் போகும் பேருந்தில் ஏறி உட்கார்ந்தபோது ஒரே எரிச்சல். மீன்மேல் கோபப்பட முடியாததால் பக்கத்து இருக்கைக்காரரின் பையின்மேல் கோபப்பட்டாள்.

மறுநாள் வீட்டில் விசேஷம். தங்கை பிரவீனாவைப் பார்க்க ஜெகதீஸ்வரன் என்ற பையனின் பெற்றோர் வந்திருந்தார்கள். மூத்தவள் இருக்க இளையவளுக்கா என்று கேட்டுக் கேட்டு உறவுக்காரர்கள் வாய் ஓய்ந்துவிட்டார்கள். மூத்தவள் மீனைக் கட்டிக்கொண்டாள் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது.

வந்தவர்கள் தண்ணீர் குடித்ததும், இந்தப் பக்கத்தில் எந்தச் சம்பந்தத்திலும் கேட்கிற முதல் கேள்வியை அப்பா மயில்சாமி கேட்டார். “நீங்க என்ன கூட்டமுங்க?”

“தூரன் கூட்டமுங்க.”

“நாங்க கண்ணன் கூட்டமுங்க. அப்பப் பங்காளி இல்லீங்க, மாமன் மச்சான்தான்.” அப்பாவுக்கு நிம்மதி. ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தங்கை முறை. அத்துடன் பேச்சு முடிந்திருக்கும். கூட்டம் என்கிற குலப்பிரிவு அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருவது.

பையனின் அம்மா காளியாத்தாளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். காளியாத்தாள் மோகனப்பிரியாவின் அம்மா. இருவரும் ஊர் பேசி, தோட்டம் பேசி, கடைசியில் தங்கள் பாட்டிகள் பிறந்த வீட்டுக் கிணற்றடியில் வந்து சந்தித்துக்கொண்டார்கள்.

“ஏனுங்க, உங்கம்மாளும் எங்கம்மாளும் அக்கா தங்கச்சி மக்களாட்ட இருக்குதுங்க. உங்க அம்மாயியும் எங்க அம்மாயியும் கூடப் பொறந்தவங்க.”

“அட, ஆமாங்க,” என்றார் காளியாத்தாள். “அப்ப இது ஆகுமுங்களா?”

அப்பா கையை வீசினார். “பொம்பள வழியெல்லாம் எதுக்குங்க கணக்கு? அப்பன் வழி வேற. கூட்டம் வேற. அவ்வளவுதானுங்க.”

முறுக்குத் தட்டோடு வந்த மோகனப்பிரியா அப்படியே நின்றாள்.

அவள் எடுத்த மரபணு தாயிடமிருந்து மட்டும் பிள்ளைக்கு வருவது. அப்பனுக்கு அதில் பங்கே கிடையாது. இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள்தான். ஆனால் பிறந்ததிலிருந்து கூட்டம், பங்காளி என்று கேட்டு வளர்ந்த மண்டை, மரத்தில் ஒரே கிளையைக் கண்டதும் ஒரே கூட்டம் என்று வாசித்துவிட்டது. ஜீவானந்தம் சாருக்கும் இதே மண்ணில் வளர்ந்த மண்டைதான். இந்த ஜெகதீஸ்வரனையும் பிரவீனாவையும் அந்த மரத்தில் ஏற்றினால் என்ன ஆகும்? இருவரும் ஒரே கிளையில்தான் உட்காருவார்கள். வேறு ஊர், வேறு கூட்டம், வேறு வீடு. அந்த மரத்துக்கு எதுவும் தெரியாது. அது அம்மாக்களை மட்டும் எண்ணும். இங்கே எண்ணாமல் விட்ட அத்தனை அம்மாக்களையும்.

“தட்ட வெச்சுட்டுப் போ அம்மிணி,” என்றார் அப்பா. அவள் தட்டைப் பையனின் அப்பா மடியிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

மீதித் துடுப்புத் துளிகள் உறைபெட்டியில் இருந்தன. பழைய மரம் அம்மா வழியை மட்டும்தான் காட்டியது, இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று ஜீவானந்தத்திடம் சொன்னாள். அவர் தலையில் மெல்லத் தட்டிக்கொண்டு சம்மதித்தார். இந்த முறை தாய், தந்தை இருவரிடமிருந்தும் வருகிற மரபணுக்கள், ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில். முடிவுகள் வந்து சேரும்வரை மோகனப்பிரியா கடவுளை நம்புகிறவளாகவே இருந்தாள்.

ஒரு காலை, கோழிப்பண்ணை வீட்டின் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து மரத்தைத் திறந்தாள். கொட்டகையில் கோழிகள் தங்கள் வழக்கப்படி ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தன. திரையில் மலை அயிரை தனியே நின்றது. ஆற்று அயிரையின் கிளையிலிருந்து அது பிரிந்த இடம் எங்கோ அடியில், வேரை ஒட்டி. கணக்குப்படி இருபது லட்சம் வருடம். நம்மைப் போன்ற மனிதன் என்றொருவன் இல்லாத காலத்திலிருந்து அந்த மீன் அந்தக் கற்களில் தன் போக்கில் வாழ்ந்திருக்கிறது. தனி இனம்தான். ஓடை தப்பித்தது.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய மரத்தையும் பக்கத்தில் திறந்து வைத்தாள். இதுவும் பொய்யில்லை, அதுவும் பொய்யில்லை. அப்படியானால் நடந்தது ஒன்றுதான். சில ஆயிரம் வருடங்களுக்கு முன், ஏதோ ஒரு பெருமழையில், ஏதோ ஒரு சரிவில் தண்ணீரும் தண்ணீரும் கலந்த ஒரு நாளில், ஆற்று அயிரை ஒருத்தி மலைக்குப் போயிருக்கிறாள். அங்கேயே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் உருவம் மறைந்தது, பட்டை மறைந்தது, ஆற்றின் அடையாளம் ஒவ்வொன்றாகக் கரைந்தது. ஆனால் மகள், மகளின் மகள் என்று அவளுடைய அந்த ஒரு இழை மட்டும் அறுபடவில்லை. இன்று அந்த ஓடையில் மோகனப்பிரியா பிடித்துப் பார்த்த மீன் ஒவ்வொன்றுக்குள்ளும் அது இருந்தது. அவளுக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது, யாரை என்று தெரியவில்லை.

மேசையின் மறுமுனையில் காளியாத்தாள் முட்டைகளை அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தார். மகள் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். அவள் சொன்னாள். அம்மா முழுவதும் கேட்டார்.

“அந்த ஆத்துக்காரி எப்படி மேல போனா சாமி?”

“தெரியலீங்கம்மா. அத எந்த மரமும் சொல்லாதுங்க.”

“அவ பேராவது?”

“மீனுக்கு ஏதுங்கம்மா பேரு?” என்றவள், சற்று யோசித்துக் கேட்டாள். “உங்களுக்கு உங்கம்மா வழியில எத்தன பேரு தெரியுமுங்க?”

“எங்கம்மா பாவாயி. அவங்கம்மா செல்லாயி. அவங்கம்மா...” காளியாத்தாளின் கை ஒரு முட்டையோடு அந்தரத்தில் நின்றது. தன் அப்பா வழியில் ஏழு தலைமுறைப் பெயரைக் கோயில் பூசையில் வரிசையாகச் சொல்லக் கேட்டவர் அவர். “தெரியாது சாமி. ஆரும் சொல்லல. நானும் கேக்கல.”

காளியாத்தாள் முட்டையைப் பதமாக அதன் குழியில் வைத்தார். மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஆனா இருந்திருப்பா,” என்றார். “இல்லாமயா நீ இங்க உக்காந்திருக்கற?”